கிடார் பட்டா

என் கல்யாணம் ஒரே ஒரு வார்த்தையை நம்பி நடந்தது. பட்டா என்பது அந்த வார்த்தை.

நாங்கள் அரக்கோணத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தண்டவாளம் பராமரிக்கிற கேங்கில் வேலை. அவருடைய தங்கை, என் அத்தை, கல்யாணமாகிப் பெங்களூர் நீலசந்திராவுக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அத்தை ஊருக்கு வந்தால் அவள் பேச்சைக் கேட்கவே தெருப் பெண்கள் கூடிவிடுவார்கள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் வளைத்து உருதுவில் முடிப்பாள். பாதி புரியாது. கேட்டால் மரியாதை போய்விடும் என்று எல்லோரும் தலையாட்டுவோம். அப்படித் தலையாட்டியதில் வந்த வினைதான் இதெல்லாம்.

அறுபதுகளின் முதல் வருஷங்களில் ஒருநாள் அத்தை எனக்கு வரன் கொண்டுவந்தாள். "பையன் தங்கம். கன்டோன்மென்ட்டு பக்கம் சொந்தமா பட்டா போடுறான்" என்றாள். எங்கள் தெருவில் பட்டா என்றால் நிலத்துக்குக் கொடுக்கிற பட்டாதான், வேறு அர்த்தம் கிடையாது. தெருவில் ஒரு வீட்டுக்கும் அது இல்லை, மொத்தமும் புறம்போக்கு. அதற்காகக் கால் தேய நடந்தவர்கள் இருந்தார்கள். அதை ஒருவன் சொந்தமாகவே போடுகிறான் என்றால் அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? பெண் பார்க்க உடனே வரச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். பட்டா வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று அப்பா பணிவாக விசாரித்தார். நன்றாகப் போகிறது, மிலிட்டரிக்காரர்கள் நிறைய வருகிறார்கள் என்றார் மாப்பிள்ளை. பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு நிலம் கொடுப்பார்கள் என்று அப்பா கேள்விப்பட்டிருந்தார். பலமாகத் தலையாட்டினார். அளந்து பார்த்துத்தான் போடுவீர்களா என்று அடுத்த கேள்வி.

"அளவெடுக்காம பட்டா போட முடியுங்களா மாமா? ஆளை நேர்ல நிக்க வெச்சு அளந்துருவேன்."

ஆளையே நிற்க வைத்து அளக்கிற நேர்மையில் அப்பா சொக்கிப் போனார். நாள் குறித்துவிட்டார்கள். அதன் பிறகு தெருவில் அவர் நடையே மாறிவிட்டது என்று அம்மா சொல்வாள்.

கல்யாணமாகி நீலசந்திராவில் வந்து இறங்கினேன். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. முன்னறைக் கதவைத் திறந்ததும் பதப்படுத்திய தோலின் வாசனை முகத்தில் வந்து மோதியது. சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் தோல் வார்கள். ஆபீஸ் எங்கே என்று கேட்டேன். எந்த ஆபீஸ் என்றார் என் வீட்டுக்காரர். பட்டா ஆபீஸ் என்றேன். அவர் ஆணியிலிருந்து ஒரு வாரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதான் பட்டா."

நாயின் கழுத்தில் கட்டுகிற வார் அது. பெங்களூரில் எங்கள் ஆட்கள் தோல் வாரைப் பட்டா என்பார்கள். சிவாஜி நகரில் தோல் விற்கிறவர்கள் பேசுகிற உருதுவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். கலெக்டர் பெண்டாட்டி போலக் கிளம்பி வந்தவள் நாய்ப் பட்டையும் கையுமாக நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் கூடவே சிரிப்பும் வந்துவிடும், பிறவிக் குணம். அந்தப் பட்டையால் அவர் தோளில் ஒன்று போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. தெரியாமல் வந்துவிட்டாய் என்றால் தப்பு என்னுடையது, சொல்ப, அதாவது கொஞ்சம், யோசித்துச் சொல், இஷ்டமில்லையென்றால் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

எனக்கு இருந்த ஒரே பயம் அப்பாவைப் பற்றியது. அப்பா சின்ன வயதில் அவருடைய அப்பாவோடு ஊர் மாடுகள் செத்தால் இழுத்துக்கொண்டுபோய் உரிக்கிற வேலையில் இருந்தவர். கூப்பிட்டால் போக வேண்டும், மாட்டேன் என்று சொல்கிற வழக்கமே அங்கே கிடையாது. அந்த நாற்றத்தோடு சோற்றில் கை வைக்க முடியாமல் பட்டினி கிடந்திருக்கிறாராம். மீசை முளைக்கும் முன்பே ஓடிவந்து ரயில்வேயில் சேர்ந்தார். சாப்பிடும் முன்பு செங்கல் தூள் போட்டுக் கை கழுவுவார். தோல் உரிந்துவிடும் என்று அம்மா கேலி செய்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். என் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று எங்களிடம் அடிக்கடி சொல்லியிருக்கிறார்.

அத்தையிடம் போய்ச் சண்டை போட்டேன். உன் அப்பனிடம் எல்லாம் விவரமாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன் என்று அவள் அடித்துச் சொன்னாள். அவள் விவரமாகச் சொன்னது எந்த பாஷையில் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா தெரிந்தேதான் எனக்காக அதை விழுங்கிக்கொண்டார் என்று நினைத்து உருகிப் போனேன். அதைப் போய் எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கன்டோன்மென்ட்டில் ஒரு குதிரைச் சேணக் கடையில் தொழில் கற்றவர். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் ஆபீசர்களின் தோள் வார், போலீஸ் பெல்ட், நாய்ப் பட்டை, பள்ளிக்கூடப் பை என்று வேலை குறையவில்லை. நான் வந்த கொஞ்ச நாளில் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒருவர் சைக்கிளில் கிடாரோடு வந்தார். தமிழ்க் கிறிஸ்தவர். வார நாளில் குமாஸ்தா, சனிக்கிழமை சாயங்காலம் நடன பேண்டில் கிடார் வாசிக்கிறவர். கிடாரைத் திரைச்சீலைக் கயிற்றால் கட்டித் தோளில் மாட்டியிருந்தார். சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார், கயிறு அறுத்துத் தோள் சிவந்து கிடந்தது. நின்றுகொண்டே வாசிக்கிறவருக்கு ஏற்ற பட்டா ஒன்று வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரர் ஆளை நிற்க வைத்து அளவெடுத்தார். தோளில் படுகிற இடத்தை அகலமாக்கி, உள்ளே கம்பளித் துணி வைத்து, ஓரத்தை ஈரம் தொட்டு எலும்பால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். வாடிக்கையாளர் வந்து மாட்டினார். எங்கேயோ இடித்தது. மெத்தை தோளில் உட்காராமல் கழுத்தோரம் ஏறிக்கொண்டது, வளைவெல்லாம் எதிர்ப்பக்கம் போனது. மூவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பிறகுதான் புரிந்தது. ஆபீசர்களின் வார் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்கும். கிடார் இடது தோளில் தொங்கும். இத்தனை வருஷப் பழக்கத்தில் இவர் கை தானாகவே வலது தோளுக்கு வளைத்துவிட்டது.

"மாஸ்டர், நான் பரேடுக்குப் போறவன் இல்லை" என்றார் கிடார்க்காரர், ரொம்ப மரியாதையாக. சிரிப்பை அடக்க முடியாமல் பின்னறைக்கு ஓடினேன். அதற்கப்புறம் வீட்டில் இவர் எதையாவது தலைகீழாகச் செய்தால் நான் "பரேடுக்குப் போறியா?" என்று கேட்பேன்.

இரண்டாவது பட்டா தோளில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் பித்தளைக் கொக்கி கிடாரின் முதுகில் கீறல் போட்டுவிட்டது. அந்தக் கீறலை நான்தான் முதலில் பார்த்தேன். கொக்கியே வேண்டாம், ஓர் இடத்திலும் உலோகம் இருக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் பட்டாவின் ஒரு முனையை விரல் அகலத்துக்கு மெலிதாக்கி, அகலமான பக்கத்தில் வரிசையாகப் பிளவுகள் வெட்டி, அந்த வாலை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பின்னுகிற மாதிரி செய்தோம். நீளம் வேண்டுமென்றால் ஒரு பிளவு தள்ளிப் பின்னிக்கொள்ளலாம். கிடாரின் அடியில் இருக்கிற குமிழில் மாட்ட, சாவித் துளை போல வட்டமாக ஓட்டை போட்டு ஒரு பக்கம் கொஞ்சம் கீறி விடுவோம். கீறல் ஒரு மயிரிழை நீண்டாலும் வாசிக்கும்போது கழன்று கிடார் காலில் விழும். அந்தக் கீறலை இவர் போடும்போது நான் பேசக்கூடாது, நிற்கக்கூடாது, மூச்சுகூடச் சத்தமாக விடக்கூடாது.

தையல் என் பங்கு. தேன்மெழுகு தடவிய நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒரே துளையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போக வேண்டும். வாரை மர இடுக்கியில் வைத்து முழங்கால்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொள்வேன். முதல் மாதம் என் விரல்களில் குத்தாத இடமில்லை. தையல் தளர்ந்திருந்தால் இவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை நெருடிக்கொண்டே ஏதாவது முனகுவார். மெழுகு உருண்டையை எடுத்து அவர் மேல் எறிவேன். அப்புறம் பிரித்துத் திரும்பத் தைப்பேன். எங்கள் புதுக் குடித்தனத்தின் கொஞ்சல் அவ்வளவுதான். அந்த முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பகல்களைப் போலச் சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

தைத்து முடித்த பட்டா எடை தாங்கினால் எவ்வளவு இழுபடும் என்று பார்க்க அதை உத்தரத்தில் தொங்கவிட்டு, நுனியில் என் அம்மிக் குழவியைக் கட்டிவிடுவார். குழவி ஒருநாள் முழுக்க அந்தரத்தில் தொங்கும். வீட்டில் அன்றைக்குச் சட்னி கிடையாது. ஆர்டர் அதிகமான வாரங்களில் நாங்கள் வெறும் ஊறுகாயில் இட்லி தின்றோம். கிடார்க்காரர் மூலமாகக் சர்ச் பாட்டுக் குழு, பேண்டு ஆட்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒல்லி, பருமன், சரிந்த தோள், கூன் முதுகு, எல்லோருக்கும் ஆளுக்குத் தகுந்த பட்டா. கடைசிப் பரீட்சை என்னுடையது. கிடாரையே விட்டுவிட்டுப் போகச் சொல்லி, நான் அதை மாட்டிக்கொண்டு அரை நாள் வீட்டு வேலை செய்வேன். எங்கே அறுக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று உடம்பு சொல்லிவிடும். நீலசந்திராவில் கிடார் மாட்டிக்கொண்டு அரிசி களைந்த முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

அப்படி மாட்டிக்கொண்டு நின்ற ஒரு காலையில்தான் அப்பா வந்தார்.

வாசலில் நின்றவரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கிடாரோடேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னையும் கிடாரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருந்தார். ஊரில் மூன்றாம் வீட்டுக்காரருக்கு வீட்டு மனைப் பட்டா விஷயமாக மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன், ஆபீஸ் எங்கே என்று கேட்டார்.

அப்பா எதையும் விழுங்கவில்லை, அவருக்கு எதுவுமே தெரியாது என்பது அந்த நிமிஷம்தான் விளங்கியது. இவர் தோலும் கத்தியுமாகத் தரையிலிருந்து எழுந்து நின்றார். மறைக்கவில்லை. இங்கே பட்டா என்றால் தோல் வார், என் தொழில் இதுதான், உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம் என்று தலை குனிந்து சொன்னார். அப்பா ஆணி ஆணியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூலையில் சுருட்டி வைத்திருந்த முழுத் தோலைக் கண்டதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். குரலே எழும்பாமல்தான் பேசினார்.

"பொட்டியக் கட்டும்மா. மத்தியான வண்டிக்குப் போயிடலாம். நான் எதுலருந்து தப்பிச்சு ஓடியாந்தேனோ, அதுலயே உன்னக் கொண்டாந்து தள்ளிட்டேன்."

இவர் என்னைப் பார்க்கவில்லை. கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். முதல் நாள் சொன்ன வாக்குப்படி குறுக்கே பேசாமல் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, இவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது.

"உன்ன ஊர்க்காரங்க செய்ய வெச்சாங்கப்பா" என்றேன். "என்னை ஒருத்தரும் செய்யச் சொல்லல. இப்பவே ஊசிய வெச்சுட்டு எழுந்தா ஏன்னு கேக்க இங்க ஆள் இல்ல. எனக்குத்தான் எழுந்துக்க மனசு வரல."

கிடாரைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். அழுதுகொண்டே சமைத்தேன். கருவாட்டுக் குழம்பு அவருக்குப் பிடிக்கும். இலை போட்டேன். அப்பா வந்து உட்கார்ந்தார், சோற்றில் கை வைத்தார், கையை எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். முடியவில்லை.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "இந்த வாசனைல எனக்குச் சோறு எறங்காது. அது உங்க மேல இல்ல."

இவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. தூக்குப் பாத்திரத்தை எடுத்து வைத்து, சோறு குழம்பு எல்லாவற்றையும் போடு, ஸ்டேஷனில் போய்ச் சாப்பிடுவோம் என்றார். ஜட்கா வண்டி வைத்துக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனோம். நான் பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை என்பதை அப்பா பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை.

பிளாட்பாரக் கோடியில் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். கரிப் புகையும் எண்ணெயுமாக வீசிய ரயில் காற்றில் அப்பா நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். குழாயடியில் நெடுநேரம் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டார். அப்பா தன் பங்குக் கருவாட்டில் ஒரு துண்டை எடுத்து இவர் பக்கம் தள்ளி வைத்தார்.

சாப்பிட்டு முடித்துக் கை உதறும்போது, அந்த வாத்தியத்தை நீ வாசிப்பாயா என்று கேட்டார். இல்லை, பட்டா எங்கேயாவது அறுக்கிறதா என்று மாட்டிப் பார்ப்பதோடு சரி என்றேன்.

"அறுக்குதா?"

"இல்லப்பா."

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி, மாட்டிக்கொண்டு நின்றபோது நன்றாகத்தான் இருந்தாய் என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே எனக்குப் பெரிது. ஆனாலும் கிளம்பு என்று சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நான் வரமாட்டேன் என்று சொன்னதற்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.

வண்டி வந்தது. நல்ல கூட்டம். ரயில்காரர் என்பதால் அப்பா வண்டி நிற்கும் முன்பே ஏறிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். அதைப் பக்கத்து இடத்தில் விரித்துப் போட்டார். துண்டு போட்டால் அந்த இடத்துக்கு ஆள் வருகிறது என்று அர்த்தம்.

என்னை அவர் கூப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற என்னைப் பார்க்கவும் இல்லை. அந்தத் துண்டை நான் பார்த்தேன். காலி தூக்குப் பாத்திரத்தோடு பின்னால் நின்ற இவரும் பார்த்துவிட்டார். அப்பா மனசுக்காக வேண்டுமானால் நாலு நாள் போய்விட்டு வா, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று என் காதருகே சொன்னார். அந்த வண்டியில் ஏறினால் நாலு நாளில் திரும்பி வர முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கார்டு விசில் ஊதினார். மூட்டையும் குழந்தையுமாக ஒரு பெண் பெட்டிக்குள் இடித்துக்கொண்டு வந்து, பெரியவரே, இங்கே ஆள் வருதா என்று கேட்டாள். அப்பா அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. வண்டி குலுங்கி நகரத் தொடங்கியது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "அது வரல. அது வூடு இங்கதான் கீது."